பிழையாயினும் பெருநாளே: யூத, கிறித்தவ நாட்காட்டி வழக்குகளில் கணிப்பும் அதிகாரமும்

ஆய்வுச் சுருக்கம்

யூத, கிறித்தவ சமயங்களின் நாட்காட்டி வரலாறு, கண்ணால் கண்டு நாள் குறித்த நிலையிலிருந்து கணித்து நாள் குறிக்கும் நிலைக்கு வந்த அறிவு வளர்ச்சியாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. இப்பார்வை மூலப் பனுவல்களுக்குப் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மிஷ்னாவின் ரோஷ் ஹஷானா பகுதி, எபிபானியு எடுத்துக்காட்டும் திருத்தூதர் ஒழுங்கு, யோவான் கிறிசோஸ்தோமின் அந்தியோக்கியச் சொற்பொழிவு ஆகிய மூன்றும், குறித்த நாள் பிழையாயினும் அதுவே திருநாள் என்னும் ஒரே வாதத்தை முன்வைக்கின்றன. அவ்வாதம் ஒவ்வோர் இடத்திலும் யாருக்குப் பயன்பட்டது, அதன் சுமையை யார் ஏற்றனர் என்பன ஆராயப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: நாட்காட்டி, பாஸ்கா, உயிர்ப்புப் பெருவிழா, மிஷ்னா, நிசேயா, பிறை காணல், அதிக மாதம்.

முன்னுரை

சமய அறிமுக நூல்களில் ஒரு வாய்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. யூதர்கள் நிலவின் வழி நாளெண்ணுபவர்கள், கிறித்தவர்கள் கதிரவன் வழி நாளெண்ணுபவர்கள். இரு சாராரும் முதலில் வானத்தைப் பார்த்து நாள் குறித்தனர், பின்னர் அறிவு வளர்ந்தபோது கணக்கிட்டுக் குறித்தனர். இவ்வாய்பாட்டின் முற்பகுதியை மறுப்பது எளிது. பன்னிரண்டு சந்திர மாதங்கள் ஏறத்தாழ 354 நாட்களே கொண்டவை. சூரிய ஆண்டுக்கு அவை ஏறக்குறைய 11 நாட்கள் குறைவு. பாஸ்கா வசந்தத்தில் வரவேண்டும் என்பது தோராவின் கட்டளையாதலால், யூத நாட்காட்டி 19 ஆண்டுகளில் ஏழு முறை ஓர் அதிக மாதத்தைச் சேர்த்து 235 சந்திர மாதங்களை 19 சூரிய ஆண்டுகளோடு பொருத்துகிறது. கிறித்தவர்களின் உயிர்ப்புப் பெருவிழாக் கணிப்பும் இதே 19 ஆண்டுச் சுழற்சியை அடிப்படையாகக் கொண்டதுதான். கிறிஸ்து பிறப்பு விழா டிசம்பர் 25இல் நிலையாக நிற்க, சாம்பல் புதனும் புனித வெள்ளியும் பெந்தெகொஸ்தேயும் நிலவோடு நகர்கின்றன. நிலவையே விலக்கி, 364 நாள் கொண்ட ஆண்டை வலியுறுத்திய பனுவலோ யூத மரபுக்குள் இருக்கிறது, கி.மு. 2ஆம் நூற்றாண்டின் யூபிலிகள் நூலே அது. 364 நாட்கள் சரியாக 52 வாரங்கள் ஆதலால், அந்நாட்காட்டியில் ஒவ்வொரு திருநாளும் ஆண்டுதோறும் அதே கிழமையில் வரும். நிலவை நோக்குவோர் காலங்களைக் கெடுப்பர் என்று அந்நூல் கடுமையாக எச்சரிக்கிறது.

வாய்பாட்டின் பிற்பகுதியே இங்கு விரிவாக நோக்கத்தக்கது. காணலுக்குப்பின் கணிப்பு என்னும் வரிசை, திருநாள் எது என்ற வினாவை வானியல் வினாவாக மாற்றிவிடுகிறது. மூலப் பனுவல்கள் அதனை அவ்வாறு கருதவில்லை.

தமிழ்ச் சொல் ஒன்று மறைப்பது

இவ்வினாவைத் தமிழில் எழுப்புவதற்கே ஒரு தடை உள்ளது. எபிரேயத்தில் மாதத்தின் முதல் நாளைக் குறிக்கும் சொல், புதுமை என்னும் வேரடியாகப் பிறந்தது. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு அதனை ஒரே வகையாகப் பெயர்க்கவில்லை. 1 சாமுவேல் 20இல் 'அமாவாசி' என்று வருவது, சங்கீதம் 81இலும், கிரேக்கத்திலிருந்து பெயர்க்கப்பட்ட கொலோசெயர் 2இலும் 'மாதப்பிறப்பு' என்று வருகிறது. தமிழர் வழக்கில் மாதப்பிறப்பு என்பது கதிரவன் ஓர் இராசியிலிருந்து மற்றோர் இராசிக்குப் புகும் நாள். அதற்கும் நிலவுக்கும் தொடர்பில்லை. அமாவாசை நிலவு முற்றிலும் மறைந்திருக்கும் நாள். மிஷ்னா காட்டும் நாளோ மேற்கு வானில் மெல்லிய கீற்று முதன்முதலாகக் கண்ணுக்குப் புலப்பட்டதைச் சாட்சிகள் வந்து சொல்ல, நீதிமன்றம் புனிதமாக்கும் நாள். நாம் மூன்றாம் பிறை என்று சொல்வதே அதற்கு நெருங்கியது.

மொழிபெயர்ப்பாளர்களைக் குறைகூறுவது இங்கு நோக்கமன்று. விவிலியப் பனுவல் நாள் குறிக்கும் முறையை விளக்காமலே விட்டுவிடுகிறது. பழக்கமான சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஆயினும் விளைவு கருதத்தக்கது. அமாவாசையும் மாதப்பிறப்பும் பஞ்சாங்கத்தில் முன்னரே அச்சிடப்பட்டிருப்பவை. யாரும் கண்டு வந்து சொல்ல வேண்டியதில்லை. அச்சொற்களின் வழியே வாசிக்கும் தமிழ் வாசகருக்கு, சாட்சி கூறலும் அறிவித்தலும் கண்ணில் படாமலே போகின்றன. இரு சமயங்களின் நாட்காட்டிப் பூசல்கள் அனைத்தும் எழுந்தது அந்த அறிவித்தலைச் சுற்றியே.

யவ்னேயில் ஒரு வழக்கு

கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னாவின் ரோஷ் ஹஷானா பகுதி, பிறை காணலை நீதிமன்ற நடைமுறையாகவே விவரிக்கிறது. எருசலேமில் பெத் யாசேக் என்னும் முற்றத்தில் சாட்சிகள் கூடினர். அவர்கள் மீண்டும் வருவதற்கு விருப்பம் கொள்ள வேண்டும் என்பதற்காகப் பெருவிருந்து அளிக்கப்பட்டது. நாள் உறுதியானதும் ஒலிவ மலையில் தீ மூட்ட, அதைக் கண்டு சர்தபா மலையில் மூட்ட, அவ்வாறே மலைக்கு மலை செய்தி கிழக்கே புலம்பெயர்ந்தோர்வரை சென்றது. சமாரியர் பொய்த் தீ மூட்டிக் குழப்பியபின் தூதுவர்களை அனுப்பினர் என்று பனுவல் கூறுகிறது. இதனினும் சுவையானது ரப்பான் கமாலியேலின் மேல்மாடி அறை. நிலவின் பல வடிவங்களைப் பலகையிலும் சுவரிலும் வரைந்து வைத்து, கண்டது இதுபோலவா அதுபோலவா என்று அவர் சாட்சிகளைக் கேட்பாராம். சரியான விடை எது என்பதை அறிந்தவரால்தான் இவ்வாறு கேட்க முடியும். ஒரு சந்திர மாதத்தின் நீளம் 29½ நாளும், மூன்றில் இரண்டு மணி நேரமும், 73 பகுதிகளும் என்ற நுட்பமான கணக்கைப் பாபிலோனியத் தல்மூத் அவர் கூற்றாகவே தருகிறது. மணிக்கு 1080 பகுதிகள் என்னும் அளவில் அது 29 நாள், 12 மணி, 793 பகுதி ஆகும். இன்றைய யூத நாட்காட்டியின் அடிப்படை எண்ணும், தாலமியின் அல்மகெஸ்ட் தரும் மதிப்பும் இதுவே. தல்மூத் இக்கணக்கை அவர்மீது பின்னர் ஏற்றியிருக்கலாம். அவ்வாறாயினும், கணிப்பும் சாட்சியமும் ஒரே அறையில் இருந்தன என்ற எண்ணத்தில் அம்மரபு முரண் எதையும் காணவில்லை.

இந்தப் பின்னணியில் வழக்கு வருகிறது. ஒருமுறை இருவர் வந்து, உரிய இரவில் பிறையைக் கண்டதாகவும், அடுத்த இரவில் அது தென்படவில்லை என்றும் கூறினர். கமாலியேல் சாட்சியத்தை ஏற்றார். தோசா பென் ஹர்கினாஸ் அதைப் பொய்ச்சாட்சியம் என்றார்: பிள்ளை பெற்றுவிட்டாள் என்று சாட்சி சொல்லப்பட்ட பெண் மறுநாளும் நிறைவயிற்றோடு நின்றால் அச்சாட்சியம் எப்படி நிற்கும் என்பது அவர் வாதம். ரப்பி யோசுவா தோசாவின் பக்கம் சாய்ந்தார். மாதம் திஷ்ரி, ஆதலால் பாவநிவாரண நாளாகிய யோம் கிப்பூர் எந்நாள் என்பதே மாறும். கமாலியேல் ஆணை அனுப்பினார்: யோசுவாவின் கணக்குப்படி யோம் கிப்பூர் வரும் நாளில், கைத்தடியும் பணமும் எடுத்துக்கொண்டு யோசுவா தம்மிடம் வர வேண்டும். பயணமும் பணம் கையாளலும் அந்நாளில் விலக்கப்பட்டவை. தம் மனச்சான்றுப்படி மிகப் புனிதமான நாளைத் தாமே மீறிக் காட்டவேண்டும் என்பதே ஆணையின் பொருள்.

வருந்தியிருந்த யோசுவாவை அகீவா கண்டு ஆறுதல் கூறுகிறார். லேவியராகமம் 23இல் திருநாட்களை 'நீங்கள்' அறிவிக்க வேண்டும் என்று உள்ளதை அவர் எடுத்துக்காட்டுகிறார். உரிய காலத்தில் அறிவித்தாலும் அல்லாத காலத்தில் அறிவித்தாலும், அறிவித்தவையே இறைவனின் திருநாட்கள். தல்மூத் இதை இன்னும் கூர்மையாக்குகிறது: தவறுதலாயினும், வேண்டுமென்றே செய்ததாயினும், பிறரால் ஏமாற்றப்பட்டதாயினும். பின்பு யோசுவா தோசாவிடம் செல்ல, முதலில் மறுத்துப் பேசிய அவரே இப்போது பணியச் சொல்கிறார். கமாலியேலின் நீதிமன்றத்தை ஐயுற்றால் மோசே முதல் இன்றுவரை இருந்த ஒவ்வொரு நீதிமன்றத்தையும் ஐயுற வேண்டும் என்கிறார். யோசுவா தடியும் பணமுமாக யவ்னேக்குச் செல்கிறார். கமாலியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டு, அறிவால் ஆசிரியர் என்றும் பணிவால் மாணவர் என்றும் வரவேற்கிறார்.

இக்கதை பெரும்பாலும் இணக்கத்தின் கதையாக வாசிக்கப்படுகிறது. ஆனால் பனுவல் எதைச் சொல்லவில்லை என்பதையும் நோக்க வேண்டும். கமாலியேலின் முடிவு வானியல்படி சரி என்று மிஷ்னா ஓரிடத்திலும் கூறவில்லை. அகீவாவும் அவ்வாறு கூறவில்லை. தோசா தம் வாதத்தைத் திரும்பப் பெறவுமில்லை. முத்தமிடும்போதுகூட கமாலியேல் அறிவில் யோசுவாவே ஆசிரியர் என்று ஒப்புகிறார். வென்றவர் தரப்பு தொகுத்த நூல், உண்மை தோற்றவரிடம் இருந்திருக்கலாம் என்பதை அழிக்காமல் விட்டிருக்கிறது. அகீவாவின் வாதம் கமாலியேலின் ஆணையை நியாயப்படுத்தப் பிறந்ததும் அன்று. ஆணைக்கு ஆட்பட்டவரின் துயரைத் தணிக்கப் பிறந்தது. இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ளாமல் பின்வரும் பனுவல்களை வாசிக்க இயலாது.

தோற்றவர் எழுதியது

இதே செயலைத் தோற்ற தரப்பிலிருந்து சொல்லும் பனுவல் ஒன்று கும்ரான் குகைகளில் கிடைத்தது. ஆபகூக் விளக்கவுரை எனப்படும் அச்சுருள், தீய குரு என்பவன் நீதியின் ஆசிரியரை அவர் ஒதுங்கி வாழ்ந்த இடத்திற்கே துரத்திச் சென்றான் என்றும், அது அவர்களின் யோம் கிப்பூர் நாளில் நிகழ்ந்தது என்றும் கூறுகிறது. தலைமைக் குருவாகக் கருதப்படும் ஒருவர் தமக்கும் அது யோம் கிப்பூராக இருந்திருந்தால் அவ்வாறு பயணம் செய்திருக்க முடியாது. ஆகவே இரு தரப்பினரும் வெவ்வேறு நாட்காட்டிகளைப் பின்பற்றினர் என்று சமரியாகு தல்மோன் முதலிய ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். கும்ரான் சுருள்களில் யூபிலிகள் நூலின் படிகளும் 364 நாள் நாட்காட்டி சார்ந்த பனுவல்களும் மிகுதியாகக் கிடைத்திருப்பது இதற்கு அரண் செய்கிறது.

எதிர்த்தரப்பின் புனித நாளைக் குலைப்பதன் வழியே அதிகாரத்தை நிலைநாட்டல் என்னும் உத்தி இரு பனுவல்களிலும் ஒன்றே. ஒன்று முத்தத்தில் முடிகிறது, மற்றொன்று சாபத்தில். யோசுவா பயணம் மேற்கொண்டதும் நீதியின் ஆசிரியர் ஒதுங்கியே இருந்ததும்தான் இரு கதைகளையும் பிரிக்கின்றன. முன்னது ஒரே சமூகமாக நீடித்தது. பின்னது பிரிந்த குழுவாயிற்று.

நிசேயா எழுதாத விதி

கிறித்தவத் தரப்பில், வசந்த சம இரவு நாளுக்குப்பின் வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்ப்புப் பெருவிழா என்ற விதியை 325இல் நிசேயா சங்கம் இயற்றியது என்று எழுதுவது வழக்கம். அச்சங்கத்தின் 20 ஒழுங்குவிதிகளில் அவ்விதி இல்லை. சங்கம் எகிப்தியத் திருச்சபைக்கு அனுப்பிய மடலும், எவுசேபியு தம் நூலில் காத்துவைத்துள்ள பேரரசர் கான்ஸ்டன்டைனின் மடலுமே நமக்குக் கிடைக்கும் சான்றுகள். பேரரசரின் மடல் வானியலைப் பேசவில்லை. சிலர் நோன்பிருக்கும்போது சிலர் விருந்துண்பது தகாது என்கிறது. உரோமை, ஆப்பிரிக்கா, எகிப்து, கால், பிரித்தானியா என ஒத்த வழக்குடைய நாடுகளை அடுக்குகிறது. யூதரைப் பின்பற்றுதல் இழிவு என்று வெறுப்பு மிகுந்த சொற்களால் சாடுகிறது. அவர்கள் ஒரே ஆண்டில் இருமுறை பாஸ்கா கொண்டாடும் அளவுக்குத் தவறுகின்றனர் என்பது அதன் குற்றச்சாட்டு. அதாவது சம இரவு நாளுக்கு முன்பே சில ஆண்டுகளில் பாஸ்கா வந்துவிடுகிறது.

இக்குற்றச்சாட்டு வெற்றுப் பழி அன்று. 343இல் சார்திக்காவில் கூடிய கீழைத் திருச்சபை ஆயர்களின் ஆவணம் ஒன்று, 328 முதல் 343 வரையிலான யூத பாஸ்கா நாட்களைப் பட்டியலிடுகிறது. அவை அனைத்தும் மார்ச் மாதத்தில் விழுகின்றன. சில சம இரவு நாளுக்கு மிகவும் முந்தியவை. ஆனால் பேரரசர் பிழை என்று கண்டதை, யூத நீதிமன்ற மரபு தன் உரிமை என்று கண்டிருக்கும். அதிக மாதம் சேர்ப்பது குறித்து கமாலியேல் பெயரால் தல்மூத் பாதுகாத்துள்ள சுற்றுமடல், புறாக்குஞ்சுகள் இளசாயிருக்கின்றன, ஆட்டுக்குட்டிகள் மெலிந்திருக்கின்றன, ஆதலால் நானும் என் தோழர்களும் முப்பது நாள் கூட்டினோம் என்ற கருத்தில் அமைந்தது. அதில் முடிவுக்கு வேளாண் காரணங்களே சொல்லப்படுகின்றன. முடிவெடுத்தவர் தம்மையும் தம் அவையையும் முன்னிறுத்துகிறார்.

நிசேயாவுக்கு முன்னர் கிறித்தவர்கள் வேறுபாட்டோடு வாழத் தெரிந்தவர்களாகவே இருந்தனர். நிசான் 14ஆம் நாளிலேயே விழாக் கொண்டாடிய சிமிர்னாவின் பொலிகார்ப்பும், ஞாயிற்றைக் கடைப்பிடித்த உரோமையின் அனிசேத்துவும் கி.பி. 155ஐ ஒட்டிச் சந்தித்தனர். ஒருவரையொருவர் மாற்ற இயலவில்லை. ஆயினும் அனிசேத்து தம் திருச்சபையில் நற்கருணை நிறைவேற்றும் சிறப்பைப் பொலிகார்ப்புக்கு அளித்தார். ஒரு தலைமுறைக்குப்பின் விக்டர் ஆசியத் திருச்சபைகளை விலக்க முயன்றபோது இரனேயு இந்நிகழ்வையே அவருக்கு நினைவூட்டினார். நிசேயாவுக்குப்பின் இந்த இடைவெளி மூடப்பட்டது. அந்தியோக்கிய சங்கத்தின் முதல் ஒழுங்குவிதி, யூதரோடு பாஸ்கா கொண்டாடும் பொதுநிலையினரைச் சபை நீக்கம் செய்யவும் குருக்களைப் பதவி நீக்கவும் ஆணையிடுகிறது.

இரு தரப்புக்கும் ஒரே வாதம்

இவ்வாறு விலக்கப்பட்டவர்களுள் ஆதியர் எனப்பட்ட சிரியக் குழுவினர் உண்டு. பேரரசரின் பொருட்டுத் திருச்சபை பாஸ்கா நாளை மாற்றிவிட்டது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. தங்கள் சார்பாக அவர்கள் காட்டியது திருத்தூதர் பெயரால் வழங்கிய ஓர் ஒழுங்குநூல். 370களில் எழுதிய எபிபானியு அதன் பகுதிகளைத் தம் நூலில் தருகிறார். நீங்களாகக் கணக்கிட வேண்டாம், விருத்தசேதனம் பெற்ற உங்கள் சகோதரர் கொண்டாடும்போது கொண்டாடுங்கள், அவர்கள் தவறினாலும் கவலைப்பட வேண்டாம் என்பது அதன் கருத்து. அகீவாவின் வாதம் இங்கு மீண்டும் ஒலிப்பதைக் காணலாம். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று காட்டச் சான்றில்லை. எனினும், யூத அவையின் அறிவிப்பைப் பிழையோடு ஏற்கச் சொல்லும் ஒரு கிறித்தவப் பனுவல் அவ்வறிவிப்பின் இயல்பை நன்கு அறிந்தே பேசுகிறது எனலாம். எபிபானியுவின் மறுமொழியும் நோக்கத்தக்கது. அவர் ஒழுங்குநூலைப் போலி என்று தள்ளவில்லை. அதன் நோக்கம் ஒற்றுமையே. அன்று ஒற்றுமை எருசலேமின் யூதக் கிறித்தவ ஆயர்களோடு இருந்தது, இன்று திருச்சபையோடு இருக்கிறது என்று வாதிடுகிறார்.

யோவான் கிறிசோஸ்தோம் 386–387இல் அந்தியோக்கியாவில் ஆற்றிய சொற்பொழிவுகளுள் மூன்றாவது, யூத நாளைப் பின்பற்றித் தவநோன்பைத் தொடங்கிய தம் சபையாரையே நோக்கியது. அவர்கள் கணக்குத் தவறு என்று நிறுவுவதில் அவர் ஊன்றி நிற்கவில்லை. திருச்சபையே தவறியிருந்தாலும், நாட்களின் நுட்பத்தைக் காப்பதால் வரும் நன்மையைவிடப் பிரிவினையால் வரும் குற்றம் பெரிது என்கிறார். வாதத்தின் எலும்புக்கூடு அகீவாவினுடையதே. ஆனால் அகீவா அதைத் துயருற்ற ஒருவரின் அருகில் அமர்ந்து கூறினார்; கிறிசோஸ்தோம் மேடையிலிருந்து, பெற்றோர் காலம் முதல் வந்த வழக்கைக் கைவிடத் தயங்கிய மக்களை நோக்கி, யூதர் மீதான வசைக்கு நடுவே கூறினார். யூதரோடு ஒன்றியிருக்க ஆதியர் பயன்படுத்திய கருத்தே, யூதரிடமிருந்து பிரிக்கும் கருவியாயிற்று. ஒற்றுமை என்ற சொல்லுக்குள் யார் அடங்குவர் என்பதை அவ்வாதம் தானாகத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பதரிது.

கணக்கு வந்தபின்

நிலையான கணிப்பு வந்தால் இப்பூசல் ஓயும் என்று எதிர்பார்க்கலாம். யூத மரபில் இரண்டாம் ஹில்லேல் 358/359இல் நிலையான நாட்காட்டியை வெளியிட்டார் என்ற செய்தி 12ஆம் நூற்றாண்டு நூல்வழியே நமக்கு வருகிறது. கெய்ரோ கெனிசாவில் கிடைத்த 835/836ஆம் ஆண்டு மடல் ஒன்று இன்றைய விதிகளோடு பொருந்தாத பாஸ்கா நாளைத் தருவதைக் காட்டி, அந்நாட்காட்டி படிப்படியாகவே உருப்பெற்றது என்று சச்சா ஸ்டெர்ன் நிறுவியுள்ளார். விதிகள் பெரும்பாலும் ஒத்துவந்த பிறகே, 921–922இல் பெரும்பூசல் வெடித்தது. பாலஸ்தீனத்தின் பென் மேயிர் 642 பகுதிகள் கொண்ட வரம்பு வேறுபாட்டை முன்வைத்து 922ஆம் ஆண்டுப் பாஸ்காவை ஞாயிறு என்றார். சாதியா உள்ளிட்ட பாபிலோனியத் தரப்பு செவ்வாய் என்றது. 642 பகுதிகள் என்பது 36 நிமிடங்களுக்கும் குறைவு. யூதர் அவ்வாண்டு இரு நாட்களில் கொண்டாடியதை நிசிபிசின் எலியா என்னும் சிரியக் கிறித்தவ வரலாற்றாசிரியர் குறித்து வைத்துள்ளார். பாலஸ்தீனத்தின் பழைய அறிவிப்பு உரிமை பாபிலோனியாவுக்குப் போய்விட்டதா என்பதே அந்த 36 நிமிடங்களுக்குள் நிகழ்ந்த போர்.

1582இல் பதின்மூன்றாம் கிரகோரியார் செய்த திருத்தமும் இவ்வகையில் வேறன்று. அக்டோபர் 4 வியாழனுக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளி ஆயிற்று. கிளாவியு முதலியோரின் கணிப்பு முன்னதைவிடத் துல்லியமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அறிவித்தவர் திருத்தந்தை என்பதாலேயே சீர்திருத்த நாடுகள் பலவும் கீழைத் திருச்சபைகளும் அதை ஏற்கவில்லை. பிரித்தானியா 1752இல்தான் மாறியது.

இன்றும் முடியாத வழக்கு

1997இல் உலகத் திருச்சபைகள் மன்றமும் மத்திய கிழக்குத் திருச்சபைகள் மன்றமும் சிரியாவின் அலெப்போவில் கூட்டிய கலந்தாய்வு, நிசேயாவின் நெறியைக் காத்து, எருசலேமின் நெடுவரையை ஆதாரமாகக் கொண்டு வானியல் முறையில் உயிர்ப்புப் பெருவிழாவைக் கணிக்கலாம் என்று முன்மொழிந்தது. இரு கணக்குகளும் ஒத்துவந்த 2001இல் அதைத் தொடங்குவது திட்டம். நடைமுறைக்கு வரவில்லை. முன்மொழிவின் கணக்கில் குறை கண்டு யாரும் அதைத் தள்ளவில்லை; கீழைத் திருச்சபைகளில் 1920களின் நாட்காட்டி மாற்றம் உண்டாக்கிய பிளவுகள் இன்னும் ஆறவில்லை என்பதே பெருந்தடை.

2024ஆம் ஆண்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மார்ச் 25இல் முழுநிலவு. மேலைத் திருச்சபைகளின் உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 31. கீழைத் திருச்சபைகளுடையது மே 5. யூதர்களுக்கு அது அதிக மாத ஆண்டு ஆதலால் பாஸ்காவின் முதல் நாள் ஏப்ரல் 23. சம இரவு நாளுக்கு முன்பே கொண்டாடுகின்றனர் என்று நான்காம் நூற்றாண்டில் பழிக்கப்பட்டவர்களின் நாட்காட்டி, இன்று சில ஆண்டுகளில் ஒரு முழு மாதம் பிந்தி வருகிறது. ஏறத்தாழ 216 ஆண்டுகளுக்கு ஒரு நாள் என்ற அளவில் அது பருவத்திலிருந்து விலகிச் செல்வதை யூத அறிஞர்கள் நெடுங்காலமாக அறிவர். திருத்தி அறிவிக்கும் உரிமையுடைய அவை எதுவும் இன்று இல்லை என்பது மரபுவழி ரப்பிகளின் நிலைப்பாடு. அத்தகைய அவை கூடி வேறு நாளை அறிவிக்கும்வரை, அம்மரபினருக்கு 2024 ஏப்ரல் 23ஆம் நாளே நிசான் 15.